முன்தோல் திரும்ப வளர்க்கிற காலத்தில துப்பரவும் மணமும்: ஒரு முழு வழிகாட்டி

வெட்டின முன்தோல திரும்ப வளர்க்க, மிச்சம் இருக்கிற தோல டேப்பாலயோ கருவியாலயோ கையாலயோ இழுத்துப் பிடிக்கிற முறை ஒண்டு இருக்கு. நான் அந்த டேப் போடத் தொடங்கி நாலாவது மாசம் இருக்கும். ஒரு பின்னேரம் மட்டக்களப்பில இருந்து கல்முனைக்கு பைக்கில போய், கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர், கச்சான் காத்தும் வெயிலும், போய் இறங்கி உடுப்பு மாத்தக்குள்ள கீழ இருந்து ஒரு புளிச்ச மணம் வந்திச்சி. அதுவரைக்கும் எனக்கு அப்பிடி ஒண்டு வந்ததே இல்ல. ஏதோ வருத்தம் தொத்திட்டுது என்டு பயந்து அண்டு ராவே கிருமிநாசினி லிக்விட தண்ணியில கலந்து ஊத்தி, சவுக்காரம் போட்டுத் தேய்ச்சி, மறுகாலும் ஊத்தினன். அடுத்த நாள் விடிய மொட்டு, அதாவது ஆணுறுப்பின்ட நுனி, முழுக்க சிவந்து எரியுது, சாரன் பட்டாலே தாங்க ஏலாது. மணம் போகவும் இல்ல, நாலு நாளில முன்னத்த விட கூடித்தான் போச்சி.

நான் பிழை விட்ட இடம் எதுவென்டா, மணம் என்டா எல்லாம் ஒண்டுதான் என்டு நினைச்சது. அப்பிடி இல்ல. தோலில இருந்து வாற மணம் ஒண்டு, டேப்பிலயும் கருவியிலயும் இருந்து வாற மணம் ஒண்டு, வருத்தத்தால வாற மணம் ஒண்டு. மூண்டுக்கும் மூண்டு வேற வைத்தியம். இத பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா அரைவாசிப் பயம் போயிடும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

எனக்கு 23 வயசில தோல் இறுக்கம் என்டு வெட்டினது. எங்கட பக்கம் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆக்களில சுன்னத்து செஞ்சவங்களும் இத தேடி வாசிப்பீங்க என்டு தெரியும். மார்க்கத்தில இது ஏலுமா ஏலாதா என்டு நான் சொல்ல வரல்ல, அது நீங்க ஆலிம் ஒராள்ட்ட கேக்க வேண்டிய விசயம். வெட்டினது சரியா பிழையா என்டும் கதைக்க வரல்ல. ஏற்கனவே இதச் செய்ய முடிவெடுத்த, 18 வயசு தாண்டின ஆக்களுக்கு, அந்த இடத்த எப்பிடி துப்பரவா வெச்சிருக்கிற என்டு மட்டும்தான் இது.

மணம் எங்க இருந்து வருது

தோல மெதுவா, கனகாலம் இழுத்து வெச்சா உடம்பு புதுக் கலங்கள உண்டாக்கி தோல நீட்டிக்கும். எரிகாயம் பட்ட ஆக்களுக்கு தோலுக்கு அடியில பலூன் வெச்சி பெருப்பிச்சி புதுத் தோல் எடுக்கிறாங்களே, அதுக்கும் இதுக்கும் அடிப்படை ஒண்டுதான். வெட்டி எடுத்த நரம்பும், மொட்டுக்கு அடிப்பக்கம் தோலப் பிடிச்சிருக்கிற நாணும் திரும்ப வராது, அதையும் மறைக்காம சொல்லிடுறன். ஆனா மூடி வாற தோல் மொட்டுக்கு மேல இருக்கத் தொடங்கினா உள்ளுக்கு நிலைமை மாறும். வருசக்கணக்கா உடுப்பில உரசி காய்ஞ்சி போன மொட்டில ஈரம் திரும்பும், மேல இருக்கிற தடிச்ச படை உரியும் என்டு இதச் செஞ்ச ஆக்கள் சொல்றாங்க. முதல் சில மாசம் சின்னச் சின்ன செதிளா, பொடுகு மாதிரி வந்தா பயப்பட வேணாம், அது அனேகமா அந்தப் பழைய படைதான்.

உரிஞ்ச செத்த தோலும், தோலில ஊறுற எண்ணெய்ப் பசையும், ஈரமும் சேந்ததுதான் ஸ்மெக்மா என்டு சொல்ற வெள்ளைப் படிவு. வெட்டாத ஆம்புள எல்லாருக்கும் இருக்கிற சாமான், பொம்புளையளுக்கும் வாறதுதான். புதுசா வாற நேரம் அதில மணம் பெருசா இல்ல. ஒரு நாள், ரெண்டு நாள் அங்கயே கிடந்து, வேர்வையும் மூத்திரத் துளியும் சேந்து, பக்டீரியா அதத் திண்டு பெருகக்குள்ளதான் புளிச்ச மணம், கிடந்த சீஸ் போல மணம் வரும். அந்தக் காலத்துப் புத்தகங்களில ஸ்மெக்மாவால புற்றுநோய் வரும் என்டு எழுதி வெச்சிருப்பாங்க, பிறகு செஞ்ச ஆய்வுகள் அத உறுதிப்படுத்தல்ல. கனகாலம் கவனிக்காம விட்டு அழற்சி திரும்பத் திரும்ப வாறதுதான் உண்மையான பிரச்சின.

அதனால எனக்கு அண்டைக்கு வந்த புளிச்ச மணம் வருத்தம் இல்ல, தோல் வேலை செய்யத் தொடங்கின அறிகுறி. அது தெரியாம தான் நான் அத எரிச்சன்.

படி 1: முதல்ல கை

எல்லாரும் உறுப்பக் கழுவுறதப் பத்தித்தான் யோசிப்பாங்க. கையால இழுக்கிற முறை செய்ற ஆக்கள் ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் அங்க கை வெப்பீங்க, கையில இருக்கிறது எல்லாம் அங்க போகும். சவுக்காரம் போட்டுக் கைய கழுவிட்டுத்தான் தொடணும். கொச்சிக்காய் வெட்டின கை, மீன் வெட்டின கை என்டா ஒருக்கா கழுவினா பத்தாது, தேங்காயெண்ணெய் கொஞ்சம் பூசித் தேய்ச்சிட்டு சவுக்காரத்தால ரெண்டு தரம் கழுவுங்க. கொச்சிக்காய்க் காரம் மெல்லிசான தோலில பட்டா ரெண்டு மணித்தியாலம் விடாது. நகத்தையும் கட்டையா வெட்டி வையுங்க.

படி 2: ஒரு நாளைக்கு ஒருக்கா ஒழுங்கான கழுவல்

குளிக்கிற நேரம் செய்தா போதும். எவ்வளவு தூரம் தோல் பின்னுக்குப் போகுமோ அவ்வளவு தூரம் மெதுவா இழுங்க, நோகிற அளவுக்கு வேணாம். வெதுவெதுப்பான தண்ணி இருந்தா நல்லம், இல்லாட்டி சாதாரணத் தண்ணி. விரல் நுனியால மொட்டச் சுத்தியும் அதுக்குப் பின்னால இருக்கிற பள்ளத்திலயும் தடவிக் கழுவுங்க, வெள்ளைப் படிவு முழுக்க அந்தப் பள்ளத்திலதான் ஒளிஞ்சி இருக்கும். வெட்டின தழும்புக் கோட்டில சில பேருக்கு சின்னத் தோல் பாலம் மாதிரி ஒட்டி இருக்கும், அதுக்கு அடியில அழுக்கு சேரும், அங்கயும் தண்ணி போகணும். பஞ்சு, பிரஷ், குளிக்கிற நார் ஒண்டும் வேணாம்.

சவுக்காரம் வேணுமா? என்ட கருத்து, மொட்டுக்கு வேணாம். தோலின்ட அமிலத்தன்மை பிஎச் 5.5 அளவில இருக்கும், சாதாரணக் குளியல் சவுக்காரம் 9, 10 என்டு இருக்கும். ஒவ்வொரு நாளும் அத உள்பக்கம் போட்டா எண்ணெய்ப்பசை முழுக்க போய், தோல் காய்ஞ்சி வெடிச்சி, வெடிச்ச இடத்தில கிருமி ஏறும், மணம் கூடும். நான் கண்ணால கண்டது. வெளித்தோலுக்கும் விதைப்பைக்கும் அரைக்கும் தாராளமா போடுங்க, வேர்வை மணம் முக்காவாசி அங்க இருந்துதான் வருது. உள்ளுக்கு ஏதாவது போட்டே ஆகணும் என்டா வாசனை இல்லாத, பிஎச் 5.5 என்டு எழுதின லிக்விட் ஒரு துளி போட்டு நல்லா அலசிடுங்க. டெட்டோல், சவ்லோன், பவுடர், பெர்ஃபியூம், பொடி ஸ்பிறே, வேப்பெண்ணெய், எலுமிச்சம்புளி, இதெல்லாம் வேணவே வேணாம். பவுடர் ஈரத்தில கட்டியாகி பள்ளத்தில போய் உறைஞ்சிடும்.

எங்கட ஊர் கிணத்துத் தண்ணி விசயம் ஒண்டு. வாவிக்கரை, கடற்கரைப் பக்கம் கிணறு கனக்க உவர். அந்தத் தண்ணியில சவுக்காரம் நுரைக்காது, வெள்ளையா ஒரு படை தோலில ஒட்டிக்கிடக்கும், அத ஸ்மெக்மா என்டு நினைச்சித் தேய்ச்சிப் புண்ணாக்கின ஆள் நான். உவர்க் கிணறு என்டா கடைசி ஒரு கோப்பை மட்டும் பைப் தண்ணியோ குடிக்கிற தண்ணியோ எடுத்து அலசுங்க. மாரியில வெள்ளம் வந்து கிணறு கலங்கின நாளில கொதிக்க வெச்சி ஆறின தண்ணி. வயலில இறங்கின நாள், கடலுக்குப் போன நாள் என்டா வீட்ட வந்த உடன ஒருக்கா நல்ல தண்ணி ஊத்துங்க, உப்பும் சேறும் காய விடாதீங்க.

படி 3: ஈரம் துடைக்கிறது

கழுவுறத விட இதுதான் முக்கியம் என்டு இப்ப நினைக்கிறன். மெல்லிய பருத்தித் துவாயால ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். தோல பின்னுக்கு வெச்சபடி ரெண்டு மூண்டு நிமிசம் காத்துப் பட விடுங்க. மறுகா தோல திரும்ப முன்னுக்கு கொண்டு வாங்க, மறக்கவே கூடாது. இறுக்கமான தோல் மொட்டுக்குப் பின்னால சிக்கி நிண்டா மொட்டு வீங்கும், வீங்க வீங்க திரும்ப வராது, அது உடன ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விசயம். துவாய் உங்களுக்கென்டு தனியா ஒண்டு, வெயிலில காய வைங்க.

படி 4: மூத்திரம்

மணப் பிரச்சினையில அரைவாசி இதுதான், ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. புதுத்தோல் கொஞ்சம் மூடினாலே மூத்திரம் போய் முடிய ரெண்டு துளி உள்ளுக்கு தங்கும். போறதுக்கு முதல் தோல பின்னுக்கு இழுங்க. முடிஞ்ச பிறகு விதைப்பைக்குப் பின்னால விரல் வெச்சி மெதுவா அழுத்தி முன்னுக்கு கொண்டு வந்தா குழாயில நிக்கிற மிச்சத் துளியும் வந்திடும். பிறகு தண்ணி, பிறகு டிசுவால ஒத்தி எடுத்திட்டு தோல விடுங்க. எங்கட ஆக்களுக்கு தண்ணி பாவிக்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கு, அது பெரிய உதவி, ஆனா கழுவிட்டு ஈரத்தோடயே ஜட்டிய இழுத்துப் போடுறதும் எங்கட பழக்கம்தான், அதத்தான் விடணும்.

தொழுற சகோதரங்களுக்கு இது இன்னும் முக்கியம், துளி தங்கினா சுத்தத்தப் பத்தி மனசில சந்தேகம் வந்துக்கிட்டே இருக்கும். கடமையான குளிப்புக்கு தண்ணி தோலில பட்டாகணும், அதனால டேப்ப கழட்டிட்டுத்தான் குளிக்கணும். டேப் மேல டேப் ஒட்டி ரெண்டு மூண்டு நாள் வெச்சிருக்கிற பழக்கம் இதோடயே போயிடும், அது தோலுக்கும் நல்லது.

தண்ணி குறைவா குடிச்சா மூத்திரம் கடும் மஞ்சளாகி அந்த வெடில் இன்னும் கூடும். வெயில் காலத்தில போத்தல் ஒண்டு கையோட வெச்சிருங்க.

படி 5: டேப்

கழுவின தோல் முழுக்க காய்ஞ்ச பிறகுதான் டேப். எண்ணெய் பூசின தோலில ஒட்டாது, ஈரத் தோலில ஒட்டினா அடியில தோல் வெந்து வெள்ளையா ஊறிப் போயிடும். பார்மசியில பிளாஸ்டர் என்டு கேட்டா அனேகமா சிங்க் ஒக்சைட் போட்ட தடிப்பான துணிப் பிளாஸ்டர்தான் தருவாங்க, அது கழட்டக்குள்ள தோலையும் கொண்டு போகும். காகிதம் மாதிரி இருக்கிற மைக்ரோபோர் கேளுங்க. முதல் தரம் தொடையின்ட உள்பக்கம் சின்னத் துண்டு ஒட்டி ஒரு நாள் பாருங்க, சிவந்து கடிச்சா அந்த டேப் உங்களுக்கு சரிவராது. ரப்பர் பாகம் இருக்கிற கருவிக்கும் இதே பரீட்சைதான், சில பேருக்கு லேடெக்ஸ் அலர்ஜி.

ஒரு டேப் ஒரு நாளைக்கு மேல வேணாம். எங்கட சூட்டில பின்னேரமே ஓரம் வேர்த்து ஊறிடும், அப்ப கழட்டிடுங்க. கழட்டுற முறை: வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சி, ஓரத்தில ரெண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு அஞ்சு நிமிசம் பொறுத்து, தோல ஒரு கையால பிடிச்சி டேப்ப மெதுவா சுருட்டி எடுங்க. மறுகா அந்த எண்ணெயையும் பசையையும் வெளித்தோலில சவுக்காரம் போட்டு எடுத்திடணும். விட்டா காறின எண்ணெய் மணமும் பசை மணமும் சேந்து வரும், நான் ஒரு மாசம் அத என்ட உடம்பு மணம் என்டு நினைச்சி மனசு உடைஞ்சி திரிஞ்சன். டேப்பக் கழட்டி மூக்குக்கு கிட்டப் பிடிச்சிப் பாத்திருந்தா அண்டைக்கே விளங்கியிருக்கும்.

வாரத்தில ஒரு நாள், ரெண்டு நாள் தோலுக்கு லீவு. தோல் பச்சையா இருந்தா ஆறும் வரைக்கும் ஒண்டும் போட வேணாம், அந்த ஒரு கிழமையில ஒண்டும் குறைஞ்சி போகாது, இது வருசக்கணக்கில போற வேலை. முடிய டிரிமரால கட்டையாக்குங்க, சவர அலகு வேணாம், டேப்புக்கு அடியில முளைக்கிற முடி கொப்புளமாகும்.

படி 6: கருவி

சிலிக்கன் கருவி பாவிச்சா ஒவ்வொரு நாளும் கழட்டின உடன இளஞ்சூட்டுத் தண்ணியும் வாசனை இல்லாத சவுக்காரமும் போட்டு கழுவி, நிழலில முழுக்க காய வையுங்க. ஈரத்தோட பொலித்தீன் பையில சுத்தி வெச்சா அடுத்த நாள் திறக்க ஏலாது, அப்பிடி மணக்கும். சிலிக்கன் எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சி வெச்சிக்கும், கழுவியும் போகாட்டி அப்பச்சோடா கலந்த தண்ணியில ராவு முழுக்க ஊற விட்டு அலசுங்க. கருவிக்கு மட்டும், தோலுக்கு இல்ல. செஞ்ச ஆக்கள் கொதிக்க வைக்கலாம் என்டு எழுதியிருந்தா மட்டும் கொதிக்க வையுங்க. ஏலுமென்டா ரெண்டு வெச்சி மாறி மாறிப் பாவிச்சா ஒண்டு எப்பவும் காய்ஞ்சி இருக்கும். வாசலின், தேங்காயெண்ணெய் லேடெக்ஸ் ரப்பர கெடுக்கும், சிலிக்கன் லூப்ரிகன்ட் சிலிக்கன் கருவியக் கெடுக்கும். தோல இழுக்க பாரம் தொங்கப் போடுற ஆக்கள் துருப்பிடிக்காத இரும்பு இல்லாம வேற எதுவும் பாவிக்காதீங்க.

இறுக்கிப் பிடிக்கிற கருவியோட நித்திரை கொள்ள வேணாம். நித்திரையில தானா விறைக்கும், அப்ப இரத்த ஓட்டம் தடைப்படும். பகலிலயும் மொட்டு நீலிச்சி, குளிர்ந்து, மரத்துப் போனா அந்தச் செக்கனே கழட்டுங்க, ஒபிஸில இருக்கிறன் என்டு பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க. ராவில சாரன் மட்டும் கட்டிக்கிட்டு படுங்க, காத்து போறதுக்கு இத விட நல்ல உடுப்பு இல்ல. பகலில பருத்தி ஜட்டி, ஒவ்வொரு நாளும் மாத்தணும், வேர்க்கிற வேலை என்டா ரெண்டு.

வெளியில போற நாளுக்கு ஒரு சின்னப் பையில வெட்டி வெச்ச டேப் துண்டு, டிசு, மாத்துறதுக்கு ஜட்டி. அவ்வளவுதான்.

படி 7: வருத்தத்தின்ட மணம்

இத கவனமா வாசிங்க. தோலின்ட மணம் கழுவினா போகும், அடுத்த நாள் பின்னேரம் மெதுவா திரும்பும். டேப்பின்ட மணம் டேப்ப மணந்தா அதில இருக்கும். கழுவி ஒரு மணித்தியாலத்தில திரும்ப வாற மணம், அழுகின மணம், மீன் வெடுக்கு போல மணம், அதோட சிவப்பு, கடி, எரிவு, மஞ்சளா சீழ், மூத்திரம் போகக்குள்ள கடுப்பு, இதில ஏதாவது இருந்தா அது வருத்தம்.

எங்கட சூட்டில கூட வாறது பூஞ்சணம், கண்டிடா. மொட்டு சிவந்து பளபளக்கும், கடிக்கும், தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை படியும், தோல் ஓரம் மெல்லிசா வெடிக்கும். வழக்கமா குளோட்ரிமசோல் 1% கிரீம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ஒண்டு ரெண்டு கிழமை பூசச் சொல்வாங்க, அந்தக் காலம் முழுக்க டேப்பும் கருவியும் நிப்பாட்டணும். அந்தக் கிரீம் லேடெக்ஸ் கொண்டொம கெடுக்கும், தேங்காயெண்ணெயும் அப்பிடித்தான். மனிசிக்கும் கடி இருந்தா ரெண்டு பேரும் ஒண்டா மருந்து எடுக்கணும், இல்லாட்டி மாறி மாறித் தொத்தும். வீட்டில கிடக்கிற ஸ்டீரொயிட் கலந்த கிரீம எடுத்துப் பூசாதீங்க, முதல் நாள் சுகமா இருக்கும், பிறகு பூஞ்சணம் அடியில நல்லா வளரும், தோலும் மெலிஞ்சி போகும்.

பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்தா சீனி பாருங்க. வெறும் வயித்தில இரத்தத்தில சீனி 126 mg/dL அல்லது அதுக்கு மேல ரெண்டு தரம் வந்தா அது சீனி வருத்தம், சில பேருக்கு முதல் அறிகுறியே இந்தக் கடிதான். ஏற்கனவே சீனிக்கு எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின் என்ட குளிசை எடுக்கிற ஆக்களுக்கு சீனி மூத்திரத்தில போறதால இந்தப் பூஞ்சணம் லேசா வரும். குளிசைய நீங்களா நிப்பாட்டாம டொக்டர்ட்ட சொல்லுங்க.

இன்னொண்டு, உங்களுக்கு வெட்டினது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ட வருத்தத்தால என்டா, அதாவது தோல் காகிதம் போல வெள்ளையா இறுகிப் போய் வெட்டினது என்டா, தோல் டொக்டர் ஒராளக் காணாம இந்த வேலையத் தொடங்கவே வேணாம். மூடின ஈரமான இடத்தில அது திரும்ப வரலாம். ஆறாத புண், கட்டி, இரத்தம், காய்ச்சல், மூத்திரம் அடைக்கிறது, இதுக்கெல்லாம் ஒரு நாளும் பிந்தக் கூடாது.

எங்க போற என்டு கேப்பீங்க. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில தோல் கிளினிக் இருக்கு. பாலியல் நோய் கிளினிக்கும் இருக்கு, காசு இல்ல, இரகசியம் காப்பாத்துவாங்க. அந்த போர்டுக்கு கீழ நிக்க வெக்கமா இருக்கும், தெரிஞ்ச ஆள் காணுவாங்களோ என்டு இருக்கும், எனக்கும் இருந்திச்சி, ரெண்டு தரம் வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்தனான். மூண்டாம் தரம் உள்ளுக்குப் போய், 23 வயசில வெட்டினது, இப்ப தோல இழுத்து வளர்க்கிறன், டேப் போடுறன், இந்த இடம் கடிக்குது என்டு சொன்னன். டொக்டர் இந்த விசயத்தக் கேள்விப்பட்டிருக்கல்ல, ஆனா தோல் அவருக்குத் தெரியும். என்ன டேப் என்டு கேட்டார், நான் கொண்டு போகல்ல. நீங்க போற நேரம் பாவிக்கிற டேப் ரோல், கருவி, பூசின கிரீம், எடுக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க.